சமைக்காத உணவு, சிக்கனமான கை: எந்த வழி கட்டுப்படியாகும்?

சமைக்காத உணவுக்கு மாறுவது என்று முடிவு செய்த வாரம் நான் முதலில் வாங்கியது சாறு பிழியும் இயந்திரம். ஒரு கிலோ கேரட்டைக் கழுவி, முனை நறுக்கி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினால் இரண்டு தம்ளர் சாறு வந்தது. பின்பக்கம் ஒரு கிண்ணம் நிறையச் சக்கை. குடித்து முக்கால் மணி நேரம் ஆவதற்குள் வயிறு மறுபடி கூப்பிட்டது. இயந்திரத்தைக் கழற்றிச் சல்லடையைத் தேய்க்கவே கால் மணி நேரம். அம்மா அந்தச் சக்கைக் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காசு குடுத்து வாங்குனதுல பாதி இங்கதானடா கெடக்கு" என்றார். மாதம் பாதி ஆகும்போது காய்கறிக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துபோனது.

அப்போது எனக்கு யாராவது போட்டுக் காட்டியிருக்க வேண்டிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். முழுக்கப் பச்சையாகவே சாப்பிடுவதா, பகலில் பச்சை ராத்திரிக்குச் சமையல் என்று வைத்துக்கொள்வதா, ஒரே ஒரு வேளையை மட்டும் மாற்றுவதா? அதற்குள்ளும் இன்னொரு கேள்வி இருக்கிறது: வயிறு நிரம்பப் பழத்தை நம்புவதா, கடலை விதை வகைகளையா, முளைகட்டிய பயறையா? என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் காசு குறைவு என்றால் பகலில் பச்சை, ராத்திரி சமையல். மற்ற இரண்டுக்கும் அவற்றுக்குரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

"பச்சை" என்றால் எதுவரை பச்சை என்பதில் ஆளுக்கொரு கோடு உண்டு. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பவர்கள் உண்டு, 48 வரை பரவாயில்லை என்பவர்களும் உண்டு. அதற்கு மேல் சூடானால் உணவிலுள்ள நொதிகள் (என்சைம்கள்) செத்துவிடும், செரிமானம் கெடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் நொதியும் ஒரு புரதம்தான், வயிற்று அமிலத்தில் அதில் பெரும்பகுதி எப்படியும் சிதைந்துவிடும், நம் உடம்பு தனக்கு வேண்டிய செரிமான நொதிகளைத் தானே சுரந்துகொள்ளும். அதனால் 40-ஆ 48-ஆ என்ற சண்டைக்காக வெப்பமானியும் உலர்த்தும் பெட்டியும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். பச்சையாகச் சாப்பிடுவதில் உண்மையான லாபங்கள் வேறு இருக்கின்றன. கொதிக்கும் தண்ணீரில் கரைந்து போகிற வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை அப்படியே கிடைக்கும். நார்ச்சத்து கூடும். எண்ணெயும் உப்பும் சர்க்கரையும் தானாகக் குறையும். பொட்டலத் தீனி வீட்டுக்குள் வருவது நின்றுபோகும்.

காசு எங்கே போகிறது

பச்சை உணவு விலை கூடியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி எல்லாம் கிலோ கணக்கில் மலிவாகத்தானே கிடைக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கிலோவைப் பார்த்ததுதான் பிழை. பார்க்க வேண்டியது கலோரி.

ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,000 கலோரி என்று வையுங்கள். அதை வெள்ளரிக்காயில் மட்டும் எடுக்க வேண்டுமானால் 13 கிலோ தின்ன வேண்டும். முட்டைக்கோஸ் என்றால் 8 கிலோ. கேரட் என்றால் கிட்டத்தட்ட 5 கிலோ. மாடு கூட நாள் முழுக்க மென்றுதான் சமாளிக்கிறது, நமக்கு ஆபீஸ் வேறு இருக்கிறது. அதே 2,000 கலோரி தோலுரித்த வாழைப்பழத்தில் இரண்டேகால் கிலோ, அதாவது நடுத்தர அளவில் பத்தொன்பது பழம். வேர்க்கடலையில் வெறும் 350 கிராம்.

ஆகவே காய்கறியின் வேலை வேறு. வைட்டமினும் தாதுவும் நாரும் நீரும் தருவது அதன் வேலை. அதில் முட்டைக்கோஸை அடிக்க ஆளில்லை. கால் கிலோ பச்சை முட்டைக்கோஸில் 90 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஒரு நாள் தேவையே அவ்வளவுதான். ஆனால் பசியை அடக்குவது கலோரி. கலோரிக்கான பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுக்காதவர் காலையில் பெரிய கிண்ணம் சாலட் தின்றுவிட்டு, பதினோரு மணிக்குப் பாதாமையும் பேரீச்சையையும் பிடிபிடியாக அள்ளுவார். பட்ஜெட் உடைகிற இடம் அந்தப் பதினோரு மணிதான்.

விலையை ஒப்பிட ஒரு வழி சொல்கிறேன், எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும். தோலோடு ஒரு கிலோ வாழைப்பழம் வாங்கினால், தோல் போக உண்ணக் கிடைப்பது சுமார் 640 கிராம், கலோரி 570. ஓடு உடைத்த வேர்க்கடலை ஒரு கிலோவில் 5,670. சரியாகப் பத்து மடங்கு. ஆக, கடலையின் கிலோ விலை வாழைப்பழ விலையைப் போல் பத்து மடங்குக்குக் கீழே இருக்கும்வரை கடலையில்தான் பசி மலிவாக அடங்கும். பேரீச்சையில் கொட்டை போக ஒரு கிலோவுக்கு 2,500 கலோரி தேறும், எனவே அது வாழைப்பழத்தைப் போல் நாலரை மடங்கு விலை வரை கட்டுப்படி. ஆப்பிள் கிலோவுக்கு 470 தான், வாழைப்பழத்தை விடக் குறைவு. ஆப்பிளை ருசிக்காக வாங்கலாம், வயிறு நிரப்ப வாங்கினால் கட்டாது.

பாதாமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பச்சை உணவுக்காரர்கள் அதற்குக் கோவில் கட்டி வைத்திருக்கிறார்கள். 100 கிராம் பாதாமில் 579 கலோரி, 21 கிராம் புரதம். 100 கிராம் வேர்க்கடலையில் 567 கலோரி, 26 கிராம் புரதம். சூரியகாந்தி விதையில் 584 கலோரி, 21 கிராம் புரதம். பாதாமில் கால்சியமும் வைட்டமின் ஈயும் கூடுதல் என்பது உண்மைதான், ஆனால் வைட்டமின் ஈ சூரியகாந்தி விதையில் இன்னும் கூடுதல். விலையில் இருக்கிற தூரம் சத்தில் இல்லை. முந்திரி இன்னொரு வேடிக்கை. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால், ஓட்டை உடைக்கும் முன் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோதான் எடுக்கிறார்கள். "பச்சை முந்திரி" என்று பொட்டலத்தில் போட்டு விற்பது பெரும்பாலும் பச்சையே இல்லை.

முழுக்கப் பச்சை

உலகில் எங்கே போனாலும் வயிறு நிரப்புகிற மலிவான பொருள்கள் மூன்று: தானியம், பருப்பு, கிழங்கு. மூன்றுக்கும் அடுப்பு வேண்டும். முழுப் பச்சைக்குப் போகிறவர் முதல் நாளே இந்த மூன்றையும் கைவிடுகிறார். மீதி இருப்பது பழமும் கொட்டையும் விதையும் முளைகட்டியதும். அடுப்பு எரிக்கிற செலவு மிச்சம் என்பார்கள், மிச்சம்தான், ஆனால் வாடிப்போன ஒரு கட்டுக் கீரையையும் கனிந்து கறுத்த ஒரு சீப்புப் பழத்தையும் குப்பையில் போட்டால் அந்த மிச்சம் அதோடு சரி.

காசை விடுங்கள், உடம்புக் கணக்கும் இருக்கிறது. முழுக்க வாழைப்பழத்தில் 2,000 கலோரி எடுத்தால் புரதம் 25 கிராம்தான் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு வேண்டியது 48 கிராம். நீண்ட காலம் பச்சை உணவில் இருந்த 513 பேரைக் கேட்டு எடுத்த ஒரு ஜெர்மானிய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகப் பத்துக் கிலோவும் பெண்கள் பன்னிரண்டு கிலோவும் இளைத்திருந்தார்கள். இளைக்க ஆசைப்படுகிறவருக்கு இது இனிப்பாக இருக்கும். ஆனால் பெண்களில் கால்வாசிப் பேர் இருக்க வேண்டிய எடைக்குக் கீழே போயிருந்தார்கள், 45 வயதுக்குக் குறைந்த பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தப்பியோ நின்றோ போயிருந்தது. பச்சை உணவின் பங்கு கூடக் கூட இது கூடியது. பல்லின் மேற்பூச்சு அமிலத்தில் அரிப்பதும் பச்சை உணவுக்காரர்களிடம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. நாள் முழுக்கப் பழம் என்றால் அமிலமும் நாள் முழுக்கத்தானே.

பால், முட்டை இல்லாமல் முழுக்கத் தாவர உணவில் இருந்தால் பி12 மாத்திரை தவிர்க்க முடியாத செலவு. ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை, அது எந்தக் கீரையிலும் முளையிலும் நம்பும்படி கிடைக்காது. இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள். குறைபாடு வெளியே தெரிய வருடங்கள் ஆகலாம், தெரியும்போது நரம்பில் போய் நிற்கும்.

முழுப் பச்சை யாருக்குக் கட்டும்? வீட்டுக்குப் பின்னால் பழமரம் இருப்பவருக்கு, பழச்சந்தையில் வேலை பார்ப்பவருக்கு, அல்லது இரண்டு மூன்று வாரம் மட்டும் செய்து பார்க்க விரும்பும் ஆரோக்கியமான ஆளுக்கு. மாதச் சம்பளத்தில் எண்ணிச் செலவு செய்கிறவருக்கு வருடக்கணக்கில் இது ஓடாது என்பது என் எண்ணம்.

பகலில் பச்சை, ராத்திரி சமையல்

காலையும் மதியமும் சமைக்காதது. இருட்டிய பிறகு ஒரு பானை: ஏதோ ஒரு தானியம், ஒரு பருப்பு, ஒரு காய். மலிவான கலோரி ராத்திரியில் வந்துவிடுவதால் பகலில் பசிக்குப் பாதாமைத் தேட வேண்டியதில்லை.

நான் இப்போது பகலில் சாப்பிடுவதைக் கணக்கோடு சொல்கிறேன். காலையில் மூன்று வாழைப்பழம், ராத்திரி ஊறப்போட்ட வேர்க்கடலை 40 கிராம், ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளிவிதை. மதியம் 60 கிராம் பச்சைப்பயறை முளைகட்டியது, துருவிய முட்டைக்கோஸ் 200 கிராம், ஒரு கேரட், 25 கிராம் சூரியகாந்தி விதை, எலுமிச்சை பிழிந்து உப்புத் தூவி. சாயங்காலம் ஒரு ஆப்பிளோ அந்தப் பருவத்தில் மலிந்து கிடக்கிற பழமோ. கூட்டிப் பார்த்தால் சுமார் 1,100 கலோரி, 37 கிராம் புரதம். ராத்திரிப் பானைக்கு மிஞ்சுவது 900 கலோரி. அந்த 900-ஐயும் பச்சையாக எடுப்பதானால் இன்னும் ஒன்றரைக் கிலோ வாழைப்பழமோ 160 கிராம் கடலையோ தினமும் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும். இரண்டு வழிக்கும் விலை வித்தியாசம் என்று பார்த்தால் இவ்வளவுதான். தினமும் என்னும்போது அது மாதக் கடைசியில் கடிக்கும்.

ஆளிவிதையைப் பொடிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முழு விதை வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். பொடித்தால் ஒரு மேசைக்கரண்டியில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலே தாவர ஒமேகா-3 கிடைக்கும், அது ஒரு நாளுக்குப் போதும். எலுமிச்சையும் ருசிக்கு மட்டும் இல்லை. பயறிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது, வைட்டமின் சி கூடவே போனால் எடுத்துக்கொள்ளும்.

சமைத்தால் சத்தே போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இந்த வழியில் ஒரு பதிலும் இருக்கிறது. தக்காளியிலுள்ள லைக்கோபீன், கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறச்சத்துகள் பச்சையில் செல் சுவருக்குள் பூட்டிக் கிடக்கும். வேகவைத்து ஒரு சொட்டு எண்ணெயும் சேர்த்தால்தான் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். வைட்டமின் சி-க்கு மதியத்து முட்டைக்கோஸ், லைக்கோபீனுக்கு ராத்திரித் தக்காளி. ஒன்றில் விட்டதை மற்றொன்றில் பிடிக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. முட்டைக்கோஸும் பயறும் சேர்ந்த மதியம் முதல் பத்து நாள் வயிற்றில் பெரிய கச்சேரி வைக்கும். நார் திடீரென்று இரட்டிப்பானால் குடலுக்குப் பழக நேரம் வேண்டும். முதல் வாரம் பாதி அளவு, மூன்றாம் வாரம் முழு அளவு, தண்ணீர் தாராளமாக. நான் இதைக் கேட்காமல் முதல் நாளே முழுக் கிண்ணம் தின்றுவிட்டு ஒரு மீட்டிங்கில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வேளை மட்டும்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் நடக்கிற இடத்தில், குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற இடத்தில் இதுதான் சண்டை வராத வழி. காலையை மாற்றுங்கள், மற்ற இரண்டையும் தொடாதீர்கள். ஜூரிச்சில் மருத்துவமனை நடத்திய பிர்ஷர்-பென்னர் என்ற சுவிஸ் மருத்துவர் 1900-ஐ ஒட்டி நோயாளிகளுக்குக் கொடுத்த மூஸ்லி அப்படிப்பட்ட ஒரு வேளைதான். இப்போது டப்பாவில் விற்கும் மூஸ்லிக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அவருடையதில் முக்கால்வாசி தோலோடு துருவிய ஆப்பிள், அதோடு ஊறவைத்த ஓட்ஸ் ஒரு கரண்டி, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சுண்டின பால், மேலே பொடித்த கொட்டை. இன்றைக்கும் டப்பாவை விட மலிவாக வீட்டிலேயே செய்துவிடலாம். ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வெந்துதான் வருகிறது, ஆகவே அது பச்சை இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

முளைப்பயறு: மலிவானது, ஆனால் கண் வைத்திருக்க வேண்டியது

எந்த வழியை எடுத்தாலும் காசு குறைந்தவருக்கு முளைதான் தூண். 100 கிராம் காய்ந்த பச்சைப்பயறில் 347 கலோரியும் 24 கிராம் புரதமும் இருக்கிறது. ஊறி முளைத்து வந்தால் எடை மூன்று மடங்காகும். கூடியது தண்ணீர்தான், கலோரி கூடவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடையில் பொட்டலத்தில் விற்கும் நீள வால் முளை நூறு கிராமில் 30 கலோரிதான். தண்ணீருக்குக் காசு கொடுப்பதை விட வீட்டிலேயே முளைகட்டுவது எவ்வளவோ மேல்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. உடைந்ததையும் சுருங்கியதையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, பயறை நாலு மடங்குத் தண்ணீரில் ராத்திரி ஊறவையுங்கள். காலையில் வடித்து, வாய் அகலமான கண்ணாடி பாட்டிலில் போட்டு, மெல்லிய துணியை ரப்பர் பேண்டால் கட்டி, தண்ணீர் சொட்டும்படி சாய்த்துக் கவிழ்த்து வையுங்கள். காலையும் மாலையும் அலசி வடிக்க வேண்டும். ஒரு நாள் கழித்துப் பச்சைத் தோல் வெடித்து வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். அடுத்த நாள் வால் ஒரு சென்டிமீட்டர் ஆனதும் நிறுத்திவிட்டு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு மணி முளைக்காமல் கல்லாகவே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத் தெரியும். சாப்பிடும் முன் தட்டில் பரப்பிக் கையால் தடவினால் சிக்கும்.

ஒரு முறை மாலை அலசலை மறந்துவிட்டேன். வெயில் நாள். மறுநாள் துணியை அவிழ்த்ததும் ஊறிய சாக்கு மாதிரி ஒரு நாற்றம், விரலில் தொட்டால் கோந்து போல் நூல் விட்டது. கழுவினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. கொட்டிவிட வேண்டும். 60 கிராம் பயறு போனால் போகட்டும். வேர் முனையில் சில நேரம் பஞ்சு போல் வெள்ளை இழை தெரியும், அது பூஞ்சையா என்று சந்தேகம் வரும். அலசினதும் படிந்து காணாமல் போனால் அது வேர்த்தூவி, பயமில்லை. அலசியும் நின்றால், வாடை வந்தால், பூஞ்சை.

ஈரமும் கதகதப்பும் பயறுக்குப் பிடிப்பது போலவே கிருமிக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் ஈ. கோலி கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள், கிட்டத்தட்ட 4,000 பேர் நோயில் விழுந்தார்கள். பிடித்துக்கொண்டே போனால் போய் நின்றது வெந்தய முளையில். விதைக்குள்ளேயே கிருமி ஒளிந்திருந்தால் மேலே எவ்வளவு கழுவினாலும் போகாது. அதனால் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை முளையைத் தொட வேண்டாம். நானே வெயில் காலத்தில் முளையைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்துத்தான் தின்கிறேன். பச்சைக் கட்சியிலிருந்து விலக்கினால் விலக்கட்டும்.

எல்லாப் பயறையும் இப்படித் தின்னக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சைப்பயறும் மைசூர்ப் பருப்பின் முழு மணியும் தோதானவை. கொண்டைக்கடலை முளைக்கும், ஆனால் பச்சையாகத் தின்றால் வயிறு உப்பும். ராஜ்மா எனப்படும் சிவப்பு பீன்ஸ் விதையை முளைகட்டிக்கூடப் பச்சையாகத் தின்னாதீர்கள். அதிலுள்ள லெக்டின் நச்சு நாலைந்து விதை தின்றாலே கடும் வாந்தி பேதியைக் கொண்டுவரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். சோயாவும் வேகாமல் ஆகாது. மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகக் கடிப்பது சயனைடோடு விளையாடுவது. இவற்றையெல்லாம் ராத்திரிப் பானைக்கு விட்டுவிடலாம், அந்த வகையிலும் பகல்-ராத்திரி வழி எனக்குப் பிடிக்கிறது.

கடலை வாங்கும்போது சுருங்கியதும் நிறம் மாறியதும் பூசணம் பிடித்ததும் கசப்பதும் கூடாது. அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு அப்படிப்பட்ட மணிகளில்தான் அதிகம். மலிவு மூட்டையின் அடியில் இருப்பதைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கருவி, கடை, இயற்கை விளைச்சல்

கத்தி, துருவி, கண்ணாடி பாட்டில், ஒரு துண்டுத் துணி. ஆரம்பிக்க இவ்வளவு போதும். வீட்டில் மிக்ஸி இருந்தால் ஆளிவிதை பொடிக்கலாம், கனிந்த பழத்தை அடிக்கலாம். அதற்கும் சாறு பிழியும் இயந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் சக்கைதான். மிக்ஸியில் அடித்தால் நார் உள்ளேயே இருக்கும், வாங்கியது முழுக்க வயிற்றுக்குப் போகும்.

இயற்கை விளைச்சல் முத்திரை உள்ளது வேண்டுமா? காசு இருந்தால் வாங்குங்கள். அரைக் கிலோ முத்திரைத் தக்காளியா, ஒரு கிலோ சாதாரணத் தக்காளியா என்று நிற்கிற நிலையில் ஒரு கிலோவை எடுத்து, ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவிச் சாப்பிடுவதே மேல். சோப்பு வேண்டாம். முட்டைக்கோஸில் வெளி இலை இரண்டை உரித்துப் போடுங்கள்.

கெட்டுப்போவதில்தான் மறைமுகச் செலவு. கீரை இரண்டு மூன்று நாள் தாங்காது, முட்டைக்கோஸும் கேரட்டும் வாரக்கணக்கில் நிற்கும். அதனால் வாங்கின கீரை முதல் நாள், வெள்ளரி தக்காளி அடுத்து, கோஸ் கடைசியில் என்று வரிசை வைத்துக்கொண்டால் வாரம் ஒரு முறை சந்தை போதும். வாழைப்பழத்தில் ஒரு சீப்பு பழுத்தது, ஒரு சீப்பு காய்வெட்டு என்று கலந்து எடுங்கள். புள்ளி விழுந்த பழத்தைப் பாதி விலைக்குத் தள்ளுகிற நேரம் தெரிந்தால் வாங்கி, தோலுரித்து, துண்டாக்கி உறைய வையுங்கள். உறையவைத்த பட்டாணி, காய்கறிப் பொட்டலங்கள் உறைவதற்கு முன் கொதிநீரில் முக்கி எடுத்தவை, கறாராகப் பார்த்தால் பச்சை இல்லை. அது பரவாயில்லை என்றால் மலிவு காலத்தில் அவையும் நல்ல துணைதான்.

யார் எதை எடுப்பது

சர்க்கரை நோய்க்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர் திடீரென்று தானியத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் கீரையின் அளவைத் தடாலென்று கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வாழைப்பழத்துப் பொட்டாசியம் ஆகாது, சிறுநீரகக் கல் வந்தவருக்குப் பச்சைப் பசலையில் உள்ள, கல்லை உண்டாக்கும் ஆக்ஸலேட் ஆகாது. இவர்கள் மருத்துவரிடம் பேசாமல் ஒரு வேளையைக்கூட மாற்ற வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் முழுப் பச்சை வேண்டவே வேண்டாம்.

மற்றபடி, வீட்டில் தனியாகச் சமைக்க முடியாதவர், கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர், சந்தேகத்தோடு ஆரம்பிப்பவர் எல்லோரும் ஒரு வேளையில் தொடங்கலாம். தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிற ஆள், ராத்திரியில் அடுப்பு எரிக்க நேரமிருக்கிறவர் பகல்-ராத்திரி வழிக்கு நேராகப் போகலாம். முழுப் பச்சையை ஆசைப்பட்டே தீருவேன் என்கிறவர் நான்கு வாரம் பகல்-ராத்திரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த மாதத்துப் பழக்கடைச் செலவை எழுதி வைத்து, அதன்மேல் தினசரி 900 கலோரி விலையைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

நான்கு வாரமும் அதே தராசில், அதே நேரத்தில், வாரம் ஒரு முறை எடை பாருங்கள். இளைக்க நினைக்காத ஆளுக்கு இரண்டு கிலோ இறங்கியிருந்தால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். அப்போது சாலட் கிண்ணத்தைப் பெரிதாக்காதீர்கள். காலைக் கடலையில் இன்னொரு கைப்பிடி, ராத்திரிப் பானையில் இன்னொரு கரண்டி.